பட்டா இல்லாத புல்வெளி: ஒரு குடியேறிக் குடும்பம், 1868–1887

எந்தக் குடும்பம், எந்தக் காகிதங்கள்

கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பிறகு இன்னும் சில பிள்ளைகள். இருபது ஆண்டுக்குள் அமெரிக்காவின் விஸ்கான்சின், மிசூரி, கான்சாஸ், மறுபடி விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, கடைசியில் டகோட்டா என்று இந்தக் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டே இருந்தது. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. மகள்களில் ஒருவர் முதிய வயதில் இந்த அலைச்சலைச் சிறுவர்களுக்கான கதையாக எழுதினார் என்பதால் சிலர் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தவர்கள் அந்தக் கதையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட வேண்டுகிறேன். கதையில் புயலும் நெருப்பும் ஓநாயும் முன்னால் நிற்கும். கிரயப் பத்திரம், பவர் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு, நிவாரணத்துக்குக் கொடுத்த சத்தியக் கடுதாசி ஆகியவற்றை வரிசையாக வைத்தால் வேறொன்று தெரியும். இந்தக் குடும்பம் நிலத்தை இழந்த ஒவ்வொரு முறையும், காசு கைக்கு வரும் முன்பே அதை நம்பி அடுத்த அடியை வைத்திருந்தது.

பின்னணி: விற்ற நிலம், வராத தவணை

1863-ல் கணவரும் மைத்துனரும் சேர்ந்து விஸ்கான்சினில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பெப்பின் என்ற ஊருக்கு அருகே 160 ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார்கள். ஆளுக்குப் பாதி. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கித்தான் அங்கே ஓர் ஏக்கர் உழ முடியும். அதே சமயம் மேற்கே மரமே இல்லாத சமவெளி காத்திருக்கிறது என்ற பேச்சு எங்கும் ஓடியது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயதானவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தரும். மனுக் கட்டணம் சொற்பம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர்கள் காதில் ‘இலவசம்’ என்ற சொல் மட்டும் தங்கிப்போனது.

1868-ல் கணவர் தன் பங்கை ஆயிரம் டாலருக்குச் சற்று மேலான விலைக்கு விற்றார். பணம் ஒரேயடியாக வரவில்லை. வாங்கியவர் தவணையில் கொடுப்பதாக ஏற்பாடு. அதை நம்பி மிசூரியில் ஒரு நிலத்தைக் கடனுக்குப் பேசினார்கள். அது நிலைக்கவில்லை. 1870 தொடக்கத்தில் கணவனும் மனைவியும் ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே திருப்பிவிட்டார்கள். அந்தப் பத்திரம் எழுதப்பட்ட இடம் மிசூரி அல்ல, கான்சாஸ். அதாவது அதற்குள் குடும்பம் இன்னும் மேற்கே போய்விட்டிருந்தது.

கான்சாஸ், 1869–1871: அடுத்தவர் நிலத்தில் வீடு

இறங்கிய இடம் கான்சாஸின் தென்கிழக்கில் மான்ட்கோமரி கவுன்டி (நம் மாவட்டம் போன்றது). இன்டிபென்டன்ஸ் என்ற புது ஊரிலிருந்து சுமார் 13 மைல். அந்த ஊரின் முதல் வீடுகளுக்குப் புல் வேய்ந்திருந்ததால் ஆரம்பத்தில் அதை வைக்கோலூர் என்றே அழைத்தார்களாம். ஓடைக்கரைகளில் கொஞ்சம் மரம் இருந்தது. அதை வெட்டி மர வீடு கட்டினார்கள்.

நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது. 1865 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகு அவர்களுக்கென்று மிஞ்சியிருந்த ‘சுருக்கப்பட்ட ஒதுக்கீடு’ அது. ஆண்டுக்கு இருமுறை அவர்கள் மேற்கே காட்டெருமை வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது சோளக் கிடங்கு காலியாக இருக்கும், கல்லறைகள் தோண்டப்பட்டிருக்கும், குடிசைகளில் யாரோ குடியேறியிருப்பார்கள். ஓசேஜ் மக்களுக்கென அரசு நியமித்த முகவரே இதை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். சில குடியேறிகள் ஓசேஜ் தலைவர் ஒருவருக்கு ஐந்து டாலரோ பத்து டாலரோ கொடுத்து இருந்துகொள்ள அனுமதி வாங்கினார்கள். அந்த அனுமதியை எந்த நில அலுவலகமும் ஏற்காது.

தெரிந்தேதான் போனார்களா? தெரிந்துதான் என்பது என் கணிப்பு. முதலில் போய் உட்கார்ந்துவிட்டால், நிலம் அரசு கைக்கு வரும் நாளில் உட்கார்ந்தவனுக்கே முன்னுரிமை என்பது அங்கே பல தலைமுறைப் பழக்கம். 1841-ன் பிரி-எம்ப்ஷன் சட்டம் அந்தப் பழக்கத்துக்கு எழுத்து வடிவமே கொடுத்துவிட்டது. இதற்கிடையில் 1868-ல் இன்னொரு ஒப்பந்தம் பேசப்பட்டது. ஏறக்குறைய 80 லட்சம் ஏக்கரை ஏக்கருக்குச் சுமார் 20 சென்ட் விலையில் ஒரு ரயில் கம்பெனிக்கு விற்பது என்று. நிலம் கம்பெனிக்குப் போனால் குடியேறிகள் கம்பெனி சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியது. 1870-ல் அதிபர் கிராண்ட் அந்த ஒப்பந்தத்தை செனட்டிலிருந்து திரும்பப் பெற்றார். இத்தனையும் அந்த மர வீட்டுக்காரர்களுக்குச் செவிவழிச் செய்திதான். இன்று ஒரு வதந்தி, அடுத்த வாரம் அதற்கு மறுப்பு.

1870 கோடையில் இரண்டு காரியங்கள் வீட்டுக்குள் நடந்தன. ஒன்று காய்ச்சல். குளிர் தூக்கிப்போடும், பிறகு உடம்பு கொதிக்கும், வியர்த்து விடும், மறுநாள் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், அதற்கடுத்த நாள் மறுபடி வரும். நம் ஊர்ப் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்ன அதே மலேரியா. இராக்காற்று என்றும் ஓடைக்கரைத் தர்ப்பூசணி என்றும் காரணம் சொன்னார்கள். குற்றவாளி கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிய இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. அண்டையில் குடியிருந்த கறுப்பின மருத்துவர் ஒருவர் வைத்தியம் பார்த்தார். கொயினாதான் மருந்து. தண்ணீருக்காகவும் மரத்துக்காகவும் ஓடையோரத்தில் வீடு கட்டியதே நோய்க்கும் வழிவிட்டது. அன்றைய அறிவில் அதை யாரும் தவறென்று சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று, ஆகஸ்டு தொடக்கத்தில் மூன்றாவது மகள் பிறந்தாள். சில நாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர் வந்தார். குடும்பத்தில் இத்தனை பேர், தொழில் இன்னது என்று எழுதிக்கொண்டார். அந்தப் பகுதிக்கான தாளில் ஒரு குறிப்பும் சேர்த்தார். இந்நிலங்கள் ஓசேஜ் மக்களுடையவை, குடியேறியிருப்போருக்கு இவற்றில் உரிமை இல்லை என்பது அதன் சாரம். வில்லங்கச் சான்றிதழ் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, 1870 ஜூலை 15-ல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றியிருந்தது. ஓசேஜ் மக்கள் தெற்கே, பழங்குடியினருக்கென ஒதுக்கியிருந்த இண்டியன் டெரிட்டரிக்குப் போக வேண்டும். நிலம் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஏக்கர் 1.25 டாலருக்கு, ஒருவருக்கு 160 ஏக்கர் வரை விற்கப்படும். பணத்தை ஓராண்டுக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். செப்டம்பரில் ஓசேஜ் தலைவர்கள் வேறு வழியின்றிச் சம்மதித்தார்கள்.

இதைத்தான் இந்த ஆய்வின் நடு முடிச்சு என்பேன். குடும்பம் கான்சாஸை விட்டுக் கிளம்பியது 1871 வசந்தத்தில். அதற்குள் ஓசேஜ் மக்கள் போய்விட்டார்கள். பட்டா கிடைக்க வழியும் திறந்துவிட்டது. ராணுவம் வந்து துரத்தும் என்ற பயத்துக்கும் காரணம் இல்லை. அப்படியிருந்தும் கட்டிய வீட்டையும் உழுத வயலையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காரணம் விஸ்கான்சினிலிருந்து வந்தது. அங்கே நிலம் வாங்கியவரால் தவணை கட்ட முடியவில்லை. நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

160 ஏக்கருக்கு 200 டாலர் ரொக்கம் வேண்டும். தவணை நின்றுபோன வீட்டில் அது எங்கிருந்து வரும்? முதல் உழவு பயிரைத் தராது. ஆள் உயரத்துக்கு வளரும் அந்தப் புல்லின் வேர் எட்டு, பத்து அடி ஆழம் போகும். மேல்மண் பாய் பின்னியதுபோல் இறுகியிருக்கும். பல ஜோடி மாடு பூட்டிய கனத்த இரும்புக் கலப்பையால் ஒருமுறை பெயர்த்துப் போட்டு, வேர் மக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கோடரியால் கீறிய பிளவில் சோளம் ஊன்றி, வந்ததை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சோளத்தில் 200 டாலர் இல்லை. விஸ்கான்சினில் பழைய நிலமாவது இருக்கிறது. அன்று அவர்கள் எடுத்த முடிவு சரிதான் என்பது என் எண்ணம். தவறு மூன்றாண்டுக்கு முன்னால், தவணைக்கு ஒப்புக்கொண்ட இடத்தில் நடந்துவிட்டது.

ஓசேஜ் மக்களின் கணக்கு வேறு. கான்சாஸ் நிலம் விற்ற பணத்தைக் கொண்டு செரோக்கி பழங்குடியினரிடமிருந்து ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். கல்லும் குன்றுமான பூமி; வெள்ளையர் ஆசைப்படமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். அந்தக் குன்றுகளுக்கடியில் எண்ணெய் இருந்தது. அது தனிக் கதை, அதிலும் ரத்தம் உண்டு.

மினசோட்டா, 1874–1876: விளையாத கோதுமைக்குக் கட்டிய வீடு

விஸ்கான்சின் நிலத்தை 1873-ல் இரண்டாம் முறையாக விற்றார்கள். 1874-ல் மினசோட்டாவின் தென்மேற்கில் வால்நட் குரோவ் என்ற புது ரயிலடி ஊருக்கு வடக்கே, ஓர் ஓடையோரம் 172 ஏக்கரைப் பிடித்தார்கள். இம்முறை யாருடைய நிலம் என்ற சிக்கல் இல்லை. பிரி-எம்ப்ஷன் முறையில் முறையாக மனு போட்டார். விலைதான் இரட்டிப்பு. பாதை நெடுக ரயில் கம்பெனிக்கு அரசு தானம் கொடுத்த நிலப்பட்டைக்குள் மிச்சமிருந்த அரசு நிலத்துக்கு ஏக்கர் 2.50 டாலர். ரயில் வந்தால் நிலம் மதிப்பு கூடும் என்று அரசே முன்கூட்டி விலையை ஏற்றி வைத்திருந்தது.

முதலில் குடியிருந்தது ஓடைக்கரையைக் குடைந்து செய்த ஒற்றை அறையில். முன்சுவர், வேரோடு பெயர்த்த புல்மண் கட்டிகளை அடுக்கியது. கூரையும் அதேதான், கம்பும் புல்லும் பரப்பி மேலே மண். குளிருக்கு அடக்கம், கோடையிலும் சூடு ஏறாது. மழை நின்ற பிறகும் கூரை சொட்டிக்கொண்டிருக்கும் என்பது இப்படிப்பட்ட வீட்டில் இருந்த எல்லோரும் சொன்ன குறை. செலவு ஏறக்குறைய இல்லை. அதிலேயே இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்திருக்கலாம். 1875-ல் கோதுமை தளதளவென்று வந்ததைப் பார்த்துவிட்டு, அறுவடைப் பணத்தில் அடைத்துவிடலாமென்று கடனுக்குப் பலகை எடுத்துப் புது வீடு கட்டினார்.

ராக்கி மலை வெட்டுக்கிளி தென்மேற்கு மினசோட்டாவில் இறங்கியது 1873 ஜூனில். அதாவது குடும்பம் அங்கே போகும் முன்பே. அந்த வட்டாரம் அடி வாங்கியிருந்தது, சிலர் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 1874-லும் வந்தது. 1875 கோடையில் இந்த வயலைத் தின்று தீர்த்தது. வெயில் மங்கும், மேகம்போல ஒன்று மினுங்கிக்கொண்டு இறங்கும், பிறகு வயலெங்கும் கத்தரிக்கும் ஓசை. கோதுமை, காய்கறி, மரப்பட்டை என்று மிச்சமில்லை. வெங்காயத்தைத் தரைக்குள் குழி விழும்வரை தின்றன. வியர்வை உப்பு ஊறிய மண்வெட்டிக் காம்பைக்கூடக் கறம்பின. கிணற்றில் விழுந்து அழுகி நீரைக் கெடுத்தன. தண்டவாளத்தில் நசுங்கிய உடல்களால் வழுக்கி ரயில்கள் நின்றன.

பயிர் போனது ஒரு பருவத்தின் இழப்பு. முட்டை அடுத்த பருவத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. பெண் பூச்சி வயிற்று நுனியால் கெட்டித் தரையில் ஓர் அங்குலம் துளைத்து, முப்பது முட்டைவரை ஒரு கூடாக வைத்து மூடும். வயல் முழுக்கச் சல்லடைபோல் துளை. அதைக் குனிந்து பார்த்தவனுக்கு அடுத்த வசந்தம் எப்படியிருக்கும் என்பது அன்றே தெரியும்.

அவர் செய்தது கூலிக்குப் போவது. வெட்டுக்கிளி எட்டாத கிழக்கு மினசோட்டாவுக்கு நடந்தே போய் அடுத்தவர் வயலில் அறுவடை செய்து பணம் கொண்டுவந்தார். 1875 நவம்பர் முதல் தேதி ஒரு மகன் பிறந்தான். அந்த மாதக் கடைசியில் தகப்பன் கவுன்டி அதிகாரி முன் நின்று, தனக்கு எந்த வசதியும் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டார். கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. மதிப்பு 5.25 டாலர். இரண்டாண்டுக்கு முன் ஆயிரம் டாலருக்கு நிலம் விற்ற மனிதர் அவர். மகள் எழுதிய சிறுவர் கதையில் இந்தக் கையெழுத்துக்கு இடமில்லை. அதில் எனக்கு வியப்பும் இல்லை.

1876 வசந்தத்தில் முட்டைகள் பொரித்தன. ஜூலையில் முடிவெடுத்தார். நில அலுவலகத்தில் 430 டாலர் கட்டி 172 ஏக்கருக்கும் பட்டா வாங்கி, சில நாளிலேயே அதை 400 டாலருக்கு விற்றார். முப்பது டாலர் நட்டத்தில் விற்க எதற்குப் பட்டா வாங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். பிரி-எம்ப்ஷன் உரிமையைக் கைமாற்ற முடியாது. அரசுக்குப் பணம் கட்டிக் கிரயம் முடித்தால்தான் அது விற்கக்கூடிய நிலமாகும். கட்டாமல் போயிருந்தால் வீடும் உழவும் சும்மா போயிருக்கும். முப்பது டாலரோடு இரண்டாண்டு உழைப்பும் போனதுதான். ஆனால் வெட்டுக்கிளி வருமா வராதா என்று இன்னொரு பருவம் பார்த்திருந்தால் அந்த நானூறும் வந்திருக்காது. 1877 வரை கொள்ளை ஓயவில்லை. அந்த ஏப்ரலில் மாநில ஆளுநர் வழிபாட்டு நாள் அறிவிக்கும் நிலைக்குப் போனது. பின்னாளில் அந்த இனமே அற்றுப்போயிற்று. கடைசியாக உயிரோடு பிடிபட்டது 1902-ல். மலைப் பள்ளத்தாக்கில் அது முட்டையிட்ட மண்ணைக் குடியேறிகளின் கலப்பை கிளறியதே காரணம் என்று பூச்சியியலாளர்கள் கருதுகிறார்கள்.

இடைவெளி

நிலம் இல்லாத மூன்று ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயோவாவில் ஒரு ஓட்டலில் வேலை. போகும் வழியில், 1876 ஆகஸ்டில், ஒன்பது மாத மகன் இறந்தான். 1877-ல் வால்நட் குரோவுக்கே திரும்பி, நிலமில்லாமல் தச்சு வேலையும் கூலியுமாக இருந்தார்கள். 1879-ல் மூத்த மகளுக்குக் கடும் காய்ச்சல் வந்து பார்வை போனது. மூளையைத் தாக்கிய வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று 2013-ல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று கூறியது.

டகோட்டா, 1879–1887: முதலில் சம்பளம்

1879-ல் மேற்கே நீண்டுகொண்டிருந்த ரயில் பாதையில் கணவருக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளம் முந்தைய மூன்று நிலங்களில் இல்லாத ஒன்றைக் கொடுத்தது. கையில் ரொக்கத்தோடு, ஊர் எங்கே அமையப்போகிறது என்பதும் முன்கூட்டித் தெரிந்திருந்தது. 1880 பிப்ரவரியில் டி ஸ்மெட் என்ற அந்த ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் மனு போட்டார். கூடவே ஊருக்குள் மனை பிடித்துக் கட்டடமும் எழுப்பினார்.

1880 அக்டோபர் நடுவில் தொடங்கிய பனிப்புயல் ஏழு மாதம் ஓயவில்லை. ஜனவரியில் நின்ற ரயில் மே மாதம்தான் வந்தது. ஊருக்குள் வைக்கோலைக் கயிறுபோல் முறுக்கி விறகாக எரித்தார்கள், விதைக் கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கும் கையந்திரத்தில் அரைத்துத் தின்றார்கள். இந்தக் குடும்பம் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தது வயல்வெளிக் குடிசையில் அல்ல, ஊருக்குள் கட்டிய கட்டடத்தில். அது தற்செயலா, முன்யோசனையா என்று பிரித்துச் சொல்வது கடினம். உயிர் பிழைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

1886-ல் சாட்சிகளோடு போய் நிபந்தனைகளை நிறைவேற்றியதாகக் காட்டிப் பட்டா பெற்றார். ஐந்தாண்டுச் சாகுபடியை அந்த நிலம் மட்டும் தாங்கவில்லை. தச்சு வேலை, மகளின் ஆசிரியைச் சம்பளம், தையல் கூலி எல்லாம் சேர்ந்துதான் தாங்கின. பார்வையற்ற மகளை அயோவாவில் பார்வையற்றோருக்கான பள்ளிக்கு அனுப்பியதும் அந்த வருமானத்தில்தான். 1887 இறுதியில் வயலைவிட்டு ஊருக்குள் கட்டிய வீட்டுக்கு நிரந்தரமாக மாறினார்கள். பட்டா கிடைத்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

மாற்றியிருக்கக்கூடியவை

ஆண்டு வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்வது எளிது; அதை மறக்காமல்தான் சொல்கிறேன். விஸ்கான்சினில் பெரிய முன்பணம் வாங்காமல் வண்டி கட்டியிருக்கக் கூடாது. ஒரு நிலத்தின் தவணையை நம்பி இன்னொரு நிலத்தைக் கடனுக்குப் பேசியபோது இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கத் தொடங்கின. கான்சாஸில் சட்டம் வரும்வரை எல்லைக்கு வெளியே காத்திருந்திருக்கலாம். அப்படிக் காத்தவர்களுக்கு நல்ல ஓடைக்கரை மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை. எல்லோரும் அப்படி நினைத்ததால்தான் ஓசேஜ் மக்கள் வேட்டையிலிருந்து திரும்பியபோது தங்கள் குடிசையில் அந்நியரைக் கண்டார்கள். மினசோட்டாவில் பக்கத்து வயல்காரர்கள் ஏன் விற்கிறார்கள் என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அங்கே நான் மாற்றச் சொல்வது பலகை வீட்டை மட்டும். வெட்டுக்கிளி யார் கையிலும் இல்லை, பலகைக் கடன் அவர் கையில் இருந்தது.

மாற்றக் கூடாதது, 1876 ஜூலையில் விற்ற முடிவு. கைவிடத் தெரிந்ததால்தான் ஏதோ கையிருப்போடு கிளம்ப முடிந்தது.

மனைவியைப் பற்றிக் காகிதங்கள் சொல்வது குறைவு. திருமணமான பெண் தன் பெயரில் ஹோம்ஸ்டெட் மனு போட முடியாது என்பதால் நிலம் பிடித்த மனுக்களில் அவர் இல்லை. விற்கவோ திருப்பித் தரவோ போகும்போது மட்டும் மனைவியின் கையெழுத்து வேண்டும், சொத்தில் அவருக்குள்ள பங்குக்காக. மிசூரி நிலத்தைத் திருப்பிவிட்ட பவரில் கணவர் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. டி ஸ்மெட்டுக்கு மேற்கே இன்னும் ஓரிடம் பார்க்கலாம் என்று கணவர் சொன்னபோது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் ஊரைவிட்டு இனி அசையமாட்டேன் என்று அவர் நின்றுவிட்டதாகக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். வண்டி அதற்குப் பிறகு கிளம்பவில்லை. கணவர் 1902-ல் அந்த ஊர் வீட்டிலேயே இறந்தார்.